ஏணி வருவதற்குள்: சென்னைப் புகைப்பட விழாவின் படங்களுக்கு ஓர் இருப்பிடம் கேட்டு ஒரு திறந்த மடல்

பெறுநர்: அரசு அருங்காட்சியகங்கள் துறை, எழும்பூர், அரசு கவின் கலைக் கல்லூரி, சென்னை, சென்னை போட்டோ பியனாலே நடத்தும் அறக்கட்டளையினர்.

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

ஒரு புகைப்பட விழா முடிந்த மறுநாள் காலையில் அரங்குக்கு முதலில் வந்து சேர்வது ஏணி. அதன் பின்னாலேயே கட்டிங் பிளேயர், சாக்கு, சணல் கயிறு. வெளியில் கட்டியிருந்த ஃபிளெக்ஸ்களின் கண்ணிகளை வெட்டிச் சுருட்டி டெம்போவில் ஏற்றிவிடுவார்கள். பாதி ஏதாவது ஒரு கொட்டகைக்கு மழைத் தடுப்பாகும், மீதி குப்பைக் கிடங்குக்குப் போகும். சன்போர்டு என்னும் நுரை அட்டையில் ஒட்டிய படங்கள் முனை சுருண்டு ஒரு மூலையில் சாயும். நல்ல பருத்திக் காகிதத்தில் அச்சாகி ஃபிரேமுக்குள் இருந்த படங்களுக்கு வேறு மாதிரி முடிவு. அவை 'கண்காட்சிப் பிரதி' என்ற பெயரில் அச்சானவை. விழா முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லும். கத்தியால் குறுக்கே கிழித்து, கிழித்ததைப் படம் பிடித்துக் கலைஞருக்கு அனுப்பினால் கணக்கு முடிந்தது. இதில் யார் மேலும் குற்றமில்லை. பத்தே பிரதி என்று எண் போட்டு விற்கிறவருக்குப் பதினோராவது பிரதி ஊரில் சுற்றினால் நஷ்டம்தான். ஏ.டி.ஏ. கார்னெட் என்னும் தற்காலிகச் சுங்க அனுமதியில் கடல் கடந்து வந்த ஃபிரேம்களோ திரும்பிப் போயே ஆகவேண்டும்.

மாலைக்குள் சுவர் வெறும் சுவராகிவிடும். அதற்குப் பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதைப் பற்றியதுதான் இந்த மடல்.

சென்னைக்கு இப்போது திரும்பிப் பார்ப்பதற்கு சென்னை போட்டோ பியனாலே என்ற விழாவின் வரலாறு இருக்கிறது. 2016-இல் இவ்வூர்ப் புகைப்படக் கலைஞர்கள் சிலர் ஜெர்மன் பண்பாட்டு மையமான கெத்தே இன்ஸ்டிடியூட்டோடு சேர்ந்து முதல் பதிப்பை நடத்தினார்கள். பறக்கும் ரயில் நிலையத்திலும் பூங்காவிலும் படம் தொங்கியது அப்போதுதான். டிக்கெட் வாங்க வந்தவர் படத்தின் முன் நின்றார். 2019 பிப்ரவரி 22 முதல் மார்ச் 24 வரை நடந்த இரண்டாம் பதிப்பைக் கலைஞர் புஷ்பமாலா என். 'ஃபானா ஆஃப் மிரர்ஸ்' என்ற தலைப்பில் தொகுத்தார். கட்டடக் கலைஞர் சிஸோம் கட்டிய, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸின் உயர்ந்த கூரைக்கடியில் படங்கள் நின்றன. பலர் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததே அன்றைக்குத்தான். மூன்றாம் பதிப்பு பெருந்தொற்றால் தள்ளிப்போய், இணையத்தையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு 2021 டிசம்பரில் 'மேப்ஸ் ஆஃப் டிஸ்க்வயட்' என்று வந்தது. நான்காவது 2024 டிசம்பரில் தொடங்கி 2025 மார்ச் வரை நடந்தது.

நான்கு பதிப்புகள். இன்னும் இருபது ஆண்டு கழித்து ஒரு மாணவி இவற்றைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கலைஞர் வந்தார், தலைப்பு என்ன என்பதெல்லாம் கேட்டலாகில் கிடைக்கும். ஆனால் எந்தப் படம் எந்தச் சுவரில் இருந்தது, எத்தனை அடியில் அச்சானது, பக்கத்தில் எந்தப் படம், தமிழில் என்ன குறிப்பு, ஜன்னல் வெளிச்சம் எந்த நேரத்தில் கண்ணாடியில் விழுந்தது, கடற்காற்றில் ஃபிளெக்ஸ் எத்தனையாவது நாளில் கிழிந்தது? புகைப்பட விழா என்பதே படமும் இடமும் சந்திப்பதுதான். கேட்டலாகில் படம் இருக்கும், இடம் இருக்காது.

இதை நன்றாகச் செய்துகாட்டிய ஊர் ஒன்று உண்டு. தெற்கு பிரான்சில் ரோன் ஆற்றங்கரையில் இருக்கும் ஆர்ல். உலகின் பெரும்பாலான புகைப்பட விழாக்களுக்கு அதுதான் மூத்த அண்ணன். அதன் கதையை எல்லோரும் 1970-இல் தொடங்குவார்கள்: புகைப்படக் கலைஞர் லூசியன் க்ளெர்க், எழுத்தாளர் மிஷேல் தூர்னியே, அருங்காட்சியகக் காப்பாளர் ழான்-மொரீஸ் ரூக்கெத் என மூவர் சேர்ந்து தொடங்கினார்கள், முதலாண்டில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டனுக்கு மரியாதை செய்தார்கள், பழைய ரோமானிய நாடக அரங்கில் இரவில் திரை கட்டிப் படம் காட்டினார்கள் என்று. நாங்கள் ஐந்து ஆண்டு பின்னால் போய்த் தொடங்குவோம். 1965-இல், விழா என்ற பேச்சே இல்லாதபோது, க்ளெர்க்கும் ரூக்கெத்தும் தெரிந்த புகைப்படக் கலைஞர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிப் படங்களை நன்கொடையாகக் கேட்டுவாங்கி, ஊரிலிருந்த ரெயாத்து அருங்காட்சியகத்தில் புகைப்படத்துக்கு என்று ஒரு பிரிவைத் திறந்தார்கள். பிரெஞ்சு நாட்டில் ஒரு கலை அருங்காட்சியகம் அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. ஆக, முதலில் படங்களைக் காக்கும் பெட்டி வந்தது. விழா பிறகு வந்தது.

அந்த வரிசைதான் பின்னால் எல்லாவற்றையும் தாங்கியது. 1974-இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் வந்து மாணவர்களோடு உட்கார்ந்தார். 1982-இல் அதே ஊரில் தேசியப் புகைப்படக் கல்லூரி தொடங்கியது. 1984-இல் ஊரின் ரயில்வே பணிமனை மூடப்பட, ஆர்லுக்கு அது பெரிய அடி. அந்தப் பணிமனைக் கொட்டகைகளே சில ஆண்டுகளில் கண்காட்சி அரங்குகளாயின. 1987-இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் நான் (Nan) கோல்டினின் ஸ்லைடு காட்சி ரோமானிய அரங்கில் ஓடியது. 2007-இல் இந்தியாதான் சிறப்பு நாடு. 2019-இல் ஐம்பதாவது பதிப்பு வந்தபோது ஏறத்தாழ 1,45,000 பேர் பார்த்தார்கள். மறு ஆண்டு பெருந்தொற்றால் விழாவே நடக்கவில்லை. இந்த அரை நூற்றாண்டில் இயக்குநர்கள் மாறினார்கள், பணம் வற்றிய ஆண்டுகள் வந்தன, தரம் தாழ்ந்ததாகத் திட்டு வாங்கிய ஆண்டுகளும் வந்தன. ஆனாலும் விழாவுக்கு வந்த படங்களில் பல அருங்காட்சியகத்தில் தங்கின. கல்லூரி ஆண்டுதோறும் அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களை வெளியே அனுப்பியது. ஐம்பதாம் ஆண்டில் திரும்பிப் பார்க்க நினைத்தவர்களுக்குக் கையில் எடுத்துப் பார்க்கப் பொருள் இருந்தது.

நமக்கு இன்னும் கிட்டத்தில் டாக்கா. அங்கே புகைப்படக் கலைஞர் ஷாஹிதுல் ஆலம் 1989-இல் திரிக் என்ற பட நிறுவனத்தையும், 1998-இல் பாட்ஷாலா என்ற பள்ளியையும் தொடங்கினார். சோபி மேளா விழா அதன் பிறகு, 2000-இல் வந்தது. ரிக்‌ஷா வண்டியில் படங்களைக் கட்டித் தெருத்தெருவாகக் கொண்டுபோன விழா அது. 2018 ஆகஸ்டில் ஆலமைக் கைது செய்து நூறு நாளுக்கு மேல் சிறையில் வைத்தார்கள். மறு ஆண்டே பத்தாவது பதிப்பு நடந்தது. பள்ளியும் நிறுவனமும் கீழே தாங்கி நின்றதால்தான் அது முடிந்தது என்பது எங்கள் கணிப்பு.

இப்போது சென்னைக்கு வருவோம். ஆர்லும் டாக்காவும் பாடுபட்டுக் கட்டியவை இங்கே நூற்றெழுபது ஆண்டுக்கு முன்பே கட்டப்பட்டுவிட்டன. 1850-இல் அலெக்ஸாண்டர் ஹன்டர் தொடங்கிய கலைப் பள்ளிதான் இன்றைய கவின் கலைக் கல்லூரி. அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே அங்கே புகைப்படம் கற்பித்தார்கள். 1851-இல் அருங்காட்சியகம் வந்தது. 1850-களிலேயே சென்னையில் புகைப்படச் சங்கம் கூடிக் கண்காட்சி வைத்தது. அரசே புகைப்படக்காரர் ஒருவரை வேலைக்கு வைத்திருந்தது: லின்னேயஸ் டிரைப். 1858-இல் அவர் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களோடு சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டு வரிகளை 21 நெகட்டிவ்களில் எடுத்து, அச்சுகளை ஒன்றோடொன்று ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக்கினார். எழுத்து எழுத்தாகப் படிக்கலாம். அடுத்து ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் இது ஆடம்பரச் செலவு என்று முடிவு செய்தார். 1860-க்குள் அந்தப் பிரிவே மூடப்பட்டது. டிரைப் எடுத்தவற்றை ஆற அமரப் பார்க்க இன்றைக்கு லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்துக்குப் போகிறார்கள்.

கல்லூரி இருக்கிறது. அருங்காட்சியகம் இருக்கிறது. விழாவும் இப்போது இருக்கிறது. விழாவுக்குச் சுவரைக் கடன் கொடுத்ததோடு நிறுத்தாமல் மூன்றையும் ஒரு முடிச்சில் கட்டுங்கள் என்பதே கோரிக்கை. ஒவ்வொரு பதிப்பிலிருந்தும் நாற்பது படங்கள், அந்தப் பதிப்பின் முழுக் கோப்புகள், எந்தப் படம் எங்கே எப்படி நின்றது என்ற அரங்கப் பதிவு ஆகியவை எழும்பூரில் ஓர் அறையில் தங்க வேண்டும். பதிவு வேலையைக் கல்லூரி மாணவர்கள் பாடத்தின் பகுதியாகச் செய்ய வேண்டும். படங்களைச் சுவரிலிருந்து இறக்கிய அறுபது நாளுக்குள் விழாக் குழு இவற்றை ஒப்படைக்க வேண்டும்.

நாற்பது என்றதும் பெரிய கட்டடம் கேட்கிறோம் என்று நினைக்க வேண்டாம். 20×24 அங்குல மவுண்ட் போர்டுக்குள் வைத்த ஒரு படம், முன்பலகையும் பின்பலகையும் சேர்த்து நாலு மில்லிமீட்டர் கனம்தான். நாற்பதும் அடுக்கினால் 16 சென்டிமீட்டர், அதாவது காப்புப் பெட்டிகள் மூன்று. பத்துப் பதிப்புக்கு ஓர் இரும்பு பீரோ போதும்.

இடத்தைவிட முக்கியம் காற்று. புகைப்படத்துக்கு 20 டிகிரியை ஒட்டிய வெப்பமும் 30 முதல் 50 சதவீதத்துக்குள் ஈரப்பதமும் வேண்டும். சென்னையில் வெளிக்காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 65-க்கு மேல்தான். அந்த அளவைத் தாண்டினால் பூசணம் பிடிக்கும். ஏ.சி. போட்டால் சரியாகிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பல அலுவலகங்களில் நடப்பதைப் பாருங்கள்: காலை பத்துக்கு ஏ.சி. ஓடும், மாலை ஐந்தரைக்கு நிற்கும். பகலெல்லாம் குளிர்ந்த காகிதத்தின் மேல் இரவில் ஈரக்காற்று வந்து படியும். குளிர்ந்த பொருளின் மேல் ஈரம் நீர்த்துளியாகும் என்பதைக் குளிர்பான பாட்டிலில் தினமும் பார்க்கிறோம். பழைய வெள்ளி அச்சுகளின் மேலிருக்கும் ஜெலட்டின் படலம் இரவில் உப்பி, பகலில் சுருங்கும். ஒரு வருடத்தில் முந்நூறு தடவை அப்படி நடந்தால் முதலில் ஓரம் சுருளும், பிறகு படலமே வெடிக்கும். அதற்கு ஏ.சி.யே இல்லாத, மாறாத 28 டிகிரி உள்ளறை எவ்வளவோ மேல். ஆகவே வெளிச்சுவர் இல்லாத உள்ளறை ஒன்று, காற்றின் ஈரத்தை உறிஞ்ச இரவுபகல் நிற்காமல் ஓடும் டீஹியூமிடிஃபையர் ஒன்று, அதன் தண்ணீர் தானாக வடிய ஒரு குழாய் (வாளியில் வடியவிட்டால் வாளி நிரம்பியதும் எந்திரம் நின்றுவிடும்; ஞாயிற்றுக்கிழமை யார் ஊற்றுவது?), அளவைப் பதிந்துகொண்டே இருக்கும் சிறிய கருவி இரண்டு. இவை இருந்தால் தொடங்கலாம்.

அறை தரைத்தளத்தில் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தை இந்த ஊரில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை, 2023 டிசம்பரையும்தான். மாடியிலும் கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்திருக்கட்டும். குழாய் வெடித்தால் தண்ணீர் மேலிருந்தும் வரும். அப்படியும் நனைந்துவிட்டால் ஒட்டிக்கொண்ட படங்களைப் பிடித்து இழுக்கவே கூடாது. ஜெலட்டின் அச்சுகளைச் சுத்தமான குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டு, இரண்டு நாளுக்குள் ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்த வேண்டும். இங்க்ஜெட் அச்சுகளுக்கு இது நேரெதிர்: தண்ணீரில் போட்டால் மை கரையும், படம் மேல்நோக்கி இருக்கக் காற்றில் உலர விடுவதுதான் வழி. எந்தப் படம் எந்த வகை என்று பெட்டிமேல் எழுதியிருந்தால்தான் அந்த அவசரத்தில் இது நடக்கும்.

பெட்டிக்குள் என்ன போகக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் சேதத்தில் பாதி நல்லெண்ணத்தால் வருவது. ஃபிரேம் கடைகளில் பின்னால் வைக்கும் ஹார்ட்போர்டும் பழுப்பு அட்டையும் அமிலம் கசியும். சில ஆண்டில் படத்தின் முதுகில் தேநீர்க் கறை போல இறங்கும். சாதாரண பட்டர் பேப்பரும் அப்படியே. செல்லோ டேப், ஃபெவிகால், ரப்பர் பேண்டு மூன்றும் வேண்டாம். ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கருக்கும். பிளைவுட் அலமாரியின் ஆவி காகிதத்துக்கு ஆகாது. சூட்டில் பதித்த பவுடர் பூச்சுள்ள இரும்பு பீரோவே சரி. ராமபாணப் பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டை போடும் பழக்கம் நம் நூலகங்களில் ஊறிப்போனது. அதன் ஆவி பிளாஸ்டிக் உறைகளை இளக்கும், படத்தின்மேல் மறுபடி படிகமாகவும் படியும். பூச்சிக்கு மருந்து, உணவு இல்லாமல் செய்வதுதான்: மாவுப் பசை இல்லை, தூசி இல்லை, ஈரம் இல்லை என்றால் அது வராது. ஃபிளெக்ஸ் துண்டுகளை நினைவுக்காக வைப்பதானால் தனி அறையில் வையுங்கள். அந்த பி.வி.சி.யை வளைய வைக்கும் எண்ணெய்ப் பொருள் வெளியே கசிந்து பக்கத்திலிருக்கும் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். படத்தின் பின்னால் பெயர் எழுத 2பி பென்சில், அதுவும் ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கத்தில் மேடு தெரியும்.

கோப்புகள் விஷயம் இதைவிட எளிது, ஆனால் இதில்தான் அதிகம் தொலைகிறது. 20×30 அங்குலப் படம் அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 6000×9000, அதாவது 5.4 கோடி புள்ளி. 16 பிட் டிஃப் கோப்பாக 324 எம்.பி. ஐந்நூறு படம் என்றாலும் 162 ஜி.பி.தான். மூன்று பிரதி எடுங்கள். இரண்டு வேறு வகைச் சாதனத்தில் இருக்கட்டும், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். ஹார்டு டிஸ்க்கை ஐந்து ஆண்டுக்கு மேல் நம்ப வேண்டாம்; எஸ்.எஸ்.டி.யை மின்சாரம் கொடுக்காமல் பீரோவில் பூட்டி வைத்தால் பதிவு மெல்லக் கசிந்துபோகும். எல்லாக் கோப்புக்கும் எஸ்.ஹெச்.ஏ-256 என்னும் கைரேகை எண்ணை எடுத்து ஒரு பட்டியலாக வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால் எந்தக் கோப்பு கெட்டது என்று அன்றைக்கே தெரியும், மற்றப் பிரதியிலிருந்து மாற்றிக்கொள்ளலாம்.

தமிழ்க் குறிப்புகளுக்குத் தனியாக ஒரு கவலை உண்டு. அச்சகங்களில் இன்னமும் பழைய டி.டி.பி. எழுத்துருக்களில்தான் பலர் தமிழ் அடிக்கிறார்கள். அந்தக் கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் குழம்பிய குப்பையாகத்தான் தெரியும். ஐந்து ஆண்டில் எந்த எழுத்துரு என்பதே மறந்துவிடும். படத்துக்கு ஆங்கிலக் குறிப்பு பிழைத்து, தமிழ்க் குறிப்பு மட்டும் செத்துப்போவது இப்படித்தான். சென்னையில் நடந்த விழாவில் தமிழில் என்ன சொல்லப்பட்டது என்பதே தெரியாமல் போவது எங்களுக்குத் தாங்கவில்லை. சுவருக்குப் போகும் ஒவ்வொரு தமிழ் வரியும் யூனிகோடில் ஓர் எளிய உரைக் கோப்பாகவும் ஒப்படைக்கப்பட வேண்டும். கலைஞர் பெயர், இடம், ஆண்டு எல்லாம் படக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கட்டும். தனி எக்செல் தாளை நம்பினால் தாள் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் போய்விடும்.

அரங்கப் பதிவுக்கு ஒரு ஆளும் மூன்று நாளும் போதும். ஒவ்வொரு சுவரையும் நேராக நின்று ஒரு படம், ஓரத்தில் ஒரு மீட்டர் அளவுகோல் சாய்ந்திருக்க. கொஞ்சம் தள்ளி, கட்டடத்தோடு சேர்த்து இன்னொன்று. தரை வரைபடத்தில் படங்களின் எண். படத்தின் நடுமட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் (வழக்கமாக 145 முதல் 150 சென்டிமீட்டர்), எத்தனை லக்ஸ் வெளிச்சம். வெளியே தொங்கும் படங்களை முதல் நாள், பதினைந்தாம் நாள், கடைசி நாள் என மூன்று முறை அதே இடத்தில் நின்று எடுக்க வேண்டும். சென்னை வெயிலில் எந்த மை எவ்வளவு வெளுக்கிறது, எந்தக் கண்ணி முதலில் அறுகிறது என்பது அடுத்த பதிப்புக்கு அச்சிடுபவருக்கு அப்படியே பாடம். பார்வையாளர் இல்லாத சுத்தமான சுவர்களை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். கூட்டம் இருக்கும்போதும் எடுங்கள். யார் வந்தார்கள், எதன்முன் நின்றார்கள் என்பதும் விழாவின் வரலாறுதான்.

அச்சில் அடங்காத படைப்புகள் கடினமானவை. ஆர்லில் ஓடிய கோல்டினின் அந்தக் காட்சியில் 700 அளவில் ஸ்லைடுகள், கூடவே பாட்டு, ஓட 45 நிமிடம். ஸ்லைடுகளை மட்டும் பெட்டியில் வைத்தால் அது கோல்டினின் படைப்பு ஆகாது. எந்தப் பாட்டில் எந்தப் படம், எத்தனை விநாடி என்ற வரிசை வேண்டும். வீடியோ, ப்ரொஜெக்‌ஷன் எதுவானாலும் கோப்போடு சேர்த்து அதை மறுபடி ஓட்ட என்ன வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள்: திரை அகலம், எறியும் தூரம், ஒலி எத்தனை பெட்டியில், அறை எவ்வளவு இருட்டு. இணையத்தில் மட்டும் இருந்த பகுதிகளை, இணையப் பக்கங்களை அப்படியே சேமிக்கும் வார்க் வடிவத்தில் இன்றே பிடித்து வையுங்கள். டொமைன் கட்டணம் ஒரு வருடம் விட்டுப்போனால் பக்கமே இருக்காது.

உரிமை பற்றி. இங்கேதான் பல நல்ல தொகுப்புகள் கைகட்டி நிற்கின்றன. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி உரிமையை எழுதித் தரும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே பொருள். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றே பொருள். ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிராத பட்சத்தில், அது காலாவதி. உரிமங்களுக்கும் இதுவே. 'படங்களை விழாவுக்குப் பயன்படுத்தச் சம்மதம்' என்று ஒற்றை வரியில் வாங்கிய கடிதம் ஐந்து ஆண்டு முடிந்ததும் வெறும் தாள்தான். படிவத்தில் மூன்று தனித்தனிக் கட்டம் வையுங்கள்: விற்பனைக்கு இல்லாமல், ஆராய்ச்சிக்காக ஒரு பிரதியை நிரந்தரமாக வைத்துக்கொள்ள; அருங்காட்சியகத்திலும் கல்லூரியிலும் காட்ட; நீளப் பக்கம் 1200 புள்ளிக்கு மிகாத சிறு பிரதியை இணையத்தில் போட. ஒவ்வொன்றிலும் காலமும் இடமும் எழுதியிருக்க வேண்டும். பிரதியின் மேல் 'காப்புப் பிரதி, விற்பனைக்கன்று' என்று முத்திரை விழுந்தால் எண் போட்டு விற்கும் கலைஞரின் பயமும் தீரும். மறுப்பவர் மறுக்கட்டும், அவருடைய இடத்தில் அரங்கப் பதிவு மட்டும் இருக்கும்.

நடந்து முடிந்த பதிப்புகளுக்கும் இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை. அச்சிட்ட இடங்களில் வேலைக் கோப்புறைகள் டிஸ்க் நிரம்பியதும் அழிக்கப்படும். முதலில் அங்கே கேளுங்கள். தன்னார்வலர்களின் கைப்பேசிகளில் ஏராளமாக இருக்கும். அவற்றை வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள். படம் சிறுத்துவிடும், எடுத்த நாளும் நேரமும் உதிர்ந்துவிடும். மூலக் கோப்பையே கேபிளில் எடுங்கள். அழைப்பிதழ், அடையாள அட்டை, சுவரில் ஒட்டிய அம்புக்குறி வரை சேருங்கள். பழைய ஸ்டுடியோக்களின் தமிழ்க் குடும்பப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வழியாகத் தேடி, கணினியில் ஏற்றிப் பாதுகாத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் அனுபவத்தைக் கேட்டால் எழும்பூர் அறைக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

கடைசியாகச் செலவு. காப்புப் பிரதிக்கான அச்சைப் பிறகு போட்டால் செலவு இரட்டிப்பாகும். வேறு ரோல், வேறு மை, நிறமும் ஒத்துவராது. கண்காட்சிப் படம் அச்சாகும் அதே நாளில் போட்டால் வண்ண அமைப்பு, சோதனைத் துண்டு எல்லாம் ஏற்கெனவே முடிந்திருக்கும். 44 அங்குல ரோலில் 20 அங்குல அகலப் படம் பக்கத்தில் பக்கமாக இரண்டு விழும், ஓரத்துக்கு இடமும் மிஞ்சும். அடுத்த பதிப்புக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கும் நாற்பது படங்களின் ஆர்டர் சீட்டில், பிரதிகள் என்ற கட்டத்தில் 1 என்று எழுதுவதை 2 என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டாவதை எடுத்துப்போக எழும்பூரில் ஒரு பெட்டி காத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
படம் அச்சிடுவோர், ஃபிரேம் போடுவோர், ஆவணம் காப்போர் சிலர்
சென்னை